பத்தடித் தூரம்: லைலா–மஜ்னு ஓவிய வரிசைகளில் பிரிவு

காக்கசஸ் மலைப்பகுதியில் உள்ள கஞ்சா நகரத்துக் கவிஞர் நிஜாமிக்கு ஷிர்வான் நாட்டு மன்னர் அக்ஸிதானிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. லைலா–மஜ்னு கதையைப் பாரசீகத்தில் காவியமாகப் பாடித்தர வேண்டும் என்று மன்னர் கேட்டிருந்தார். நிஜாமி தயங்கினார். தயக்கத்தின் காரணத்தை அவரே காவியத்தின் முன்னுரையில் சொல்கிறார்: இந்தக் கதையில் தோட்டம் கிடையாது, அரச விருந்து கிடையாது, ஆறும் மதுவும் கிடையாது. வறண்ட மணலும் கரட்டு மலையும்தான் உண்டு. இதை வைத்துக்கொண்டு கவிதையை எப்படி நடத்துவது? பதினான்கு வயது மகன் முகம்மது வற்புறுத்திய பிறகே அவர் ஒப்புக்கொண்டார். 1188ஆம் ஆண்டில், நான்கு மாதங்களுக்குள், 4,000க்கும் மேற்பட்ட ஈரடிகளில் காவியத்தை முடித்தார்.

கவிஞரின் இந்தக் கவலை பின்னால் வந்த ஓவியர்களின் தலையில் இரட்டிப்பாக விழுந்தது. அரசர்கள் நிஜாமியின் ஐந்து காவியங்களையும் ‘கம்ஸா’ என்ற ஒரே தொகுப்பாக எழுதுவித்து, அதில் படங்களையும் கேட்டார்கள். மற்றக் காவியங்களில் வேட்டை உண்டு, அரண்மனை உண்டு, நீராடும் இளவரசி உண்டு. இந்தக் காவியத்திலோ காதலர் இருவரும் பிரிந்தே இருக்கிறார்கள். சேர்ந்திருப்பவர்களை வரைந்துவிடலாம். பிரிந்திருப்பவர்களை ஒரே தாளில் எப்படி வரைவது?

ஹெராத், தப்ரீஸ், மஷ்ஹத், லாகூர் எனப் பல நகரங்களின் ஓவியர்கள் இந்தக் கேள்விக்குத் தலைமுறை தலைமுறையாக விடை தேடினார்கள். அவர்கள் கதைக்குப் படம் போட்டதோடு நின்றுவிடவில்லை, கதையையே வேறு விதமாகச் சிந்தித்தார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். மஜ்னுவின் நெஞ்சுக்குள் நிஜாமி வைத்த துயரத்தை அவர்கள் வெளியே எடுத்து, இருவருக்கும் நடுவில் உள்ள இடத்தில் வைத்தார்கள். அந்த இடத்தைப் பள்ளிக்கூடத்தாலும் கூடாரங்களாலும் ஆட்டு மந்தையாலும் கல்லெறியும் சிறுவர்களாலும் நிரப்பினார்கள். தூரத்தையே அவர்கள் தங்கள் பாடுபொருளாக்கிக்கொண்டார்கள்.

கதை வந்த வழி

கதை அரபு மண்ணில் பிறந்தது. பனூ ஆமிர் குலத்தைச் சேர்ந்த கைஸ் இப்னுல் முலவ்வஹ் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த கவிஞன் என்பது மரபு. அவன் பெயரில் வழங்கிய பாடல்களையும் அவனைப் பற்றிய செவிவழிக் கதைகளையும் பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானி தம் ‘கிதாபுல் அகானி’ என்ற பெருந்தொகுப்பில் சேர்த்துவைத்தார். சிதறிக் கிடந்த அந்தத் துணுக்குகளுக்குத் தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் கொடுத்து ஒரே கதையாகக் கட்டியவர் நிஜாமி.

அவர் சொல்லும் கதை இது. சிறுவன் கைஸும் சிறுமி லைலாவும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள், நட்பு காதலாகிறது. ஊர் பேசத் தொடங்கியதும் லைலாவை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறார்கள். கைஸ் பித்தனாகித் தெருவில் பாடித் திரிகிறான். ‘மஜ்னூன்’, பித்தன், என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. மகனுக்காகத் தந்தை பெண் கேட்டுப் போகிறார். பைத்தியத்துக்குப் பெண் தர மாட்டோம் என்கிறார்கள். பித்து தெளியட்டும் என்று தந்தை அவனை மெக்காவுக்கு அழைத்துப் போகிறார். அவனோ கஅபாவின் கதவு வளையத்தைப் பிடித்துக்கொண்டு, இந்தக் காதல் இன்னும் பெருகட்டும் என்று வேண்டுகிறான். நவ்ஃபல் என்ற வீரத்தலைவன் அவனுக்காக லைலாவின் குலத்தோடு போர் தொடுக்கிறான். போர்க்களத்தின் ஓரத்தில் நிற்கும் மஜ்னு எதிரணி வெல்ல வேண்டுமென்று வேண்டுகிறான், அது லைலாவின் அணி என்பதால். லைலாவை இப்னு ஸலாம் என்பவருக்கு மணமுடிக்கிறார்கள். அவள் கணவனைத் தன்னருகே வர விடவில்லை. மஜ்னு பாலைக்குப் போய் விலங்குகளோடு வாழ்கிறான். கணவன் இறக்கிறான், பின்னர் ஓர் இலையுதிர் காலத்தில் லைலாவும் இறக்கிறாள். அவள் கல்லறையைத் தழுவியபடி மஜ்னு உயிர்விடுகிறான்.

இந்தக் கதையின் நடுவே ஓர் அரிய இடம் வருகிறது. ஒரு முதியவர் இருவரும் பேரீச்சந்தோப்பு ஒன்றில் சந்திக்க ஏற்பாடு செய்கிறார். லைலா வருகிறாள். மஜ்னுவுக்குப் பத்தடி தள்ளி நின்றுவிடுகிறாள். இதற்கு மேல் ஓர் அடி வைத்தாலும் எரிந்துபோவேன் என்று முதியவரிடம் சொல்லி, அவன் பாடுவதை மட்டும் கேட்க விரும்புகிறாள். அவன் பாடுகிறான், பாடி முடித்ததும் பாலைக்கே ஓடிவிடுகிறான். அந்தப் பத்தடியைக் கவிஞர் ஒரு சொல்லில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார். ஓவியர்கள் அதை ஒவ்வொரு படத்திலும் அளந்து காட்ட வேண்டியிருந்தது.

ஏட்டில் படம் விழும் இடம்

இந்த ஓவியங்கள் சுவரில் மாட்டப் பிறந்தவை அல்ல. ‘கிதாப்கானா’ என்ற அரசு நூற்கூடத்தில், நூலின் உறுப்பாக, பல கைகள் கூடிச் செய்தவை. முதலில் காகிதத்தைப் பசையிட்டு, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பின் எழுத்தர் அமர்ந்து, கோடிட்ட பத்திகளில் கவிதையை எழுதுவார். எந்த நிகழ்ச்சிக்குப் படம் வேண்டுமோ அங்கே இடம் விட்டுவிடுவார். அதன் பிறகே ஓவியர் வருவார். பொன் பூசுவோரும் ஓரம் அமைப்போரும் கட்டுநரும் அவரைத் தொடர்வார்கள். பல படங்களில் ஓரிரு ஈரடிகள் சிறு கட்டத்துக்குள் படத்தின் நடுவிலேயே நிற்கும். பார்ப்பவர் கண் வரியிலிருந்து வண்ணத்துக்கும் வண்ணத்திலிருந்து வரிக்கும் போய்வர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

வண்ணங்களுக்கும் ஒரு பூகோளம் உண்டு. ஆழ்ந்த நீலம் பதக்‌ஷான் சுரங்கத்து நீலக்கல்லை அரைத்து எடுத்தது. சிவப்புக்குச் சாதிலிங்கம், பச்சைக்குச் செப்புத் தாது. வானத்துக்குச் சில நேரம் பொன்னையே பூசுவார்கள். நீரோடைக்கு வெள்ளி. அந்த வெள்ளி காற்றுப் பட்டுக் காலப்போக்கில் கறுத்துவிட்டது. அதனால் இன்று நாம் பார்க்கும் பல ஏடுகளில் ஒரு காலத்தில் மின்னிய ஓடை கருங்கோடாக ஓடுகிறது.

தூரத்தைப் புரிந்துகொள்ள இந்த மரபின் இன்னொரு வழக்கம் முக்கியம். ஐரோப்பிய மறுமலர்ச்சி ஓவியத்தில் தொலைவில் இருப்பது சிறுக்கும், மங்கும். பாரசீக ஏட்டோவியத்தில் தொலைவில் இருப்பது தாளில் மேலே ஏறும், அவ்வளவுதான். அடிவானம் தாளின் உச்சியை ஒட்டி நிற்கும். கீழே நிற்கும் ஆட்டின் மயிரும் மேலே நிற்கும் ஆட்டின் மயிரும் ஒரே கூர்மையோடு தெரியும். ஆகவே இந்த ஓவியர் தூரத்தைப் புகைமூட்டத்தால் காட்ட முடியாது. இரண்டு மனிதருக்கு நடுவே எத்தனை பொருள்கள், எத்தனை கண்கள், எத்தனை சுவர்கள் நிற்கின்றன என்று எண்ணிக் காட்டுவது ஒன்றே வழி. பிரிவைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஓவிய மொழி அமைவது அரிது. ஏனென்றால் லைலாவையும் மஜ்னுவையும் பிரித்தது நிலத்தின் நீளம் இல்லை. நடுவில் நின்ற மனிதர்கள்தாம் பிரித்தார்கள்.

பள்ளிக்கூடம்

அரபு மரபில் இருவரும் மந்தை மேய்க்கும் பிள்ளைகள். அவர்களைப் பள்ளியில் உட்கார வைத்தவர் நிஜாமி. இந்த ஒரு மாற்றம் ஓவியர்களுக்குப் பெரிய வாய்ப்பாக அமைந்தது. ஏட்டுக்கு ஏடு திரும்பத் திரும்ப வரும் காட்சிகளில் பள்ளிக் காட்சி முன்னால் நிற்கிறது. 1494–95இல் ஹெராத்தில் உருவாகி இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் கம்ஸாவில் இது உண்டு. 1524–25இல் அதே ஹெராத்தில் எழுதப்பட்டு இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஏட்டிலும் உண்டு. அந்தப் படத்தை ஷேக் ஜாதா வரைந்ததாகக் கருதுகிறார்கள்.

இக்காட்சியை வரைந்த ஓவியர்கள் காதலரைத் தனியே பிரித்து நடுவில் நிறுத்துவதில்லை. தாடி வைத்த ஆசிரியர், அவர் எதிரே பாடம் ஒப்பிக்கும் பையன், நூல்தாங்கிகளில் விரிந்த புத்தகங்கள், எழுத்துப் பயிற்சியில் குனிந்த தலைகள் என ஒரு முழுப் பள்ளிக்கூடமும் இயங்கிக்கொண்டிருக்கிறது. ஓடுகள் பதித்த சுவர்களில் வடிவக்கோலங்கள் நெருங்கி நிற்கின்றன. இத்தனைக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். புதிதாகப் பார்ப்பவர் அவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேட வைப்பதிலேயே ஓவியரின் சிந்தனை இருக்கிறது. இந்தக் காதல் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் தோன்றியது. அதனால்தான் ஊர் வாயில் விழுந்தது. இருவரும் இவ்வளவு அருகில் உட்காருவது இதுவே கடைசி என்பது வரிசையில் அடுத்தடுத்த படங்களைப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

கழுத்தில் சங்கிலி

வரிசையின் உச்சம் என்று நான் கருதும் படம் பாரசீகத்தின் சஃபாவிய மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காக 1539க்கும் 1543க்கும் இடையில் தப்ரீஸில் உருவான கம்ஸாவில் இருக்கிறது. எழுதியவர் ஷா மஹ்மூத் நிஷாபூரி. படங்களை சுல்தான் முகம்மது, ஆகா மீரக், மிர்ஸா அலி, முசஃபர் அலி, மீர் சையது அலி போன்ற சஃபாவிய அரசவையின் தேர்ந்த கைகள் வரைந்தன. இந்த ஏடும் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அதில் மீர் சையது அலி வரைந்த காட்சி இது. ஒரு கிழவி பிச்சைக்காரன் ஒருவனைச் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு கூடாரம் கூடாரமாக இரந்து போகிறாள். மஜ்னு அவளிடம் கெஞ்சி, அந்தச் சங்கிலியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொள்கிறான். அப்படியாவது லைலாவின் கூடார வாசல்வரை போகலாம் என்ற ஆசை.

காவியத்தில் இது மஜ்னுவின் பேச்சாகவும் அழுகையாகவும் போகிற பகுதி. மீர் சையது அலியின் தாளில் அவன் ஒல்லியான, அரை நிர்வாணமான ஒரு சிறிய உருவம். கழுத்தில் சங்கிலி, அதன் மறுமுனை கிழவியின் கையில். ஊர்ப் பிள்ளைகள் அவன்மேல் கல் எறிகிறார்கள். நாய் ஒன்று குரைக்கிறது. லைலா தன் கூடாரத்தில் அமர்ந்திருக்கிறாள். அவளைச் சுற்றியும் மேலேயும் வேறு கூடாரங்கள், ஒவ்வொன்றின் துணியிலும் வெவ்வேறு பூவேலை. பெண்கள் தங்கள் வேலையில் இருக்கிறார்கள். ஆடுகள் மேய்கின்றன. கூடாரக் கயிறுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன.

இந்தப் படத்தில் எவ்வளவு நேரம் கண் அலைந்தாலும் வெற்றிடம் கிடைக்காது. நிஜாமி இல்லையென்று வருந்திய செழிப்பு முழுவதையும் ஓவியர் இங்கே கொண்டுவந்துவிட்டார். ஆனால் அந்தச் செழிப்பு அலங்காரத்துக்காக வந்ததில்லை. மஜ்னுவுக்கும் லைலாவுக்கும் நடுவே நிற்பது இதுதான்: தம்பாட்டில் நடக்கும் ஒரு குடியிருப்பின் முழு வாழ்க்கை. கல்லெறியும் சிறுவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பைத்தியத்தைக் கண்டால் கல் எறியலாம் என்று அவனுக்குப் பழக்கியிருக்கிறார்கள். நாய் அந்நியனைக் கண்டு குரைக்கிறது. ஒருவரும் கொடியவர் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு கொடுமையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். சமூகம் ஒரு காதலை எப்படிக் கொல்கிறது என்பதைப் பக்கம் பக்கமாக எழுதி விளக்குவதைக் காட்டிலும் இந்த ஒரு தாள் தெளிவாகச் சொல்கிறது.

லைலாவுக்கும் இங்கே நியாயம் கிடைக்கிறது. காவியத்தை மஜ்னுவின் பித்தாகவே நினைவில் வைத்திருக்கிறோம். நிஜாமியின் லைலாவும் கவிதை எழுதுபவள். மறைவாகத் தாளில் எழுதிக் காற்றில் விடுபவள். அவனுக்காவது பைத்தியமாகத் திரியும் சுதந்திரம் இருந்தது, அவளுக்கு அதுவும் இல்லை. பூவேலைத் துணிக்கும் பணிப்பெண்களுக்கும் நடுவில் அவளை உட்கார வைத்ததன் மூலம் ஓவியர் அவளுடைய சிறையையும் காட்டிவிடுகிறார். மஜ்னுவைப் பூட்டிய சங்கிலி கண்ணுக்குத் தெரிகிறது. அவளைப் பூட்டியது அழகான துணியாக இருக்கிறது.

யாருக்காக அழுகிறாள்?

1494–95 ஹெராத் ஏட்டில் ஓவியர் பிஹ்ஸாதின் கைவண்ணம் என்று சொல்லப்படும் ஒரு படம், லைலாவின் கணவன் இப்னு ஸலாமின் இழவுக் காட்சி. கூடிய மக்கள் துக்கத்தில் புரள்கிறார்கள். கணவனை இழந்த மனைவியாக லைலாவும் அழுகிறாள். காவியத்தைப் படித்தவருக்குத் தெரியும்: இத்தனை நாள் மஜ்னுவுக்காக வாய்விட்டு அழ அவளுக்கு உரிமை இருந்ததில்லை. கணவனின் சாவு அந்த உரிமையைத் தருகிறது. ஊர் பார்க்க, ஊரோடு சேர்ந்து, வேறொருவனுக்காக அவள் அழுகிறாள்.

ஒரு கண்ணீர் யாருக்காக வடிகிறது என்பதை வண்ணத்தால் காட்ட முடியாது. ஓவியர் அதைக் காட்ட முயலவும் இல்லை. இழவு வீட்டின் வழக்கமான துக்கத்தை முழு மதிப்போடு வரைந்துவிட்டு, மிச்சத்தைப் படிப்பவரிடம் விட்டுவிட்டார். பக்கத்தில் இருக்கும் ஈரடிகளைப் படித்தவருக்கு ஒரு படம். படிக்காதவருக்கு வேறொரு படம். தூரம் இங்கே கண்ணுக்குத் தெரிவதற்கும் உள்ளே நடப்பதற்கும் நடுவில் விழுகிறது. படமும் பாட்டும் ஒரே தாளில் இருந்தால்தான் இந்தக் கலை வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

விலங்குகளின் ஊர்

குடியிருப்புக் காட்சிக்கு எதிர்முனையில் நிற்பது பாலைக் காட்சி. எலும்பும் தோலுமாக மஜ்னு அமர்ந்திருக்க, சிங்கம், சிறுத்தை, மான், நரி, மலையாடு எல்லாம் அவனைச் சூழ்ந்து பகை மறந்து கிடக்கும். தஹ்மாஸ்ப் ஏட்டில் ஆகா மீரக் வரைந்ததாகச் சொல்லப்படும் பாலைக் காட்சி இவ்வகையில் புகழ்பெற்றது. பாறைகள் இளஞ்சிவப்பும் ஊதாவும் நீலமுமாகக் குவிந்து எழுகின்றன. மனிதரிடம் கிடைக்காத அடைக்கலம் அவனுக்கு விலங்குகளிடம் கிடைக்கிறது. வேடனின் வலையில் சிக்கிய மானைத் தன் உடைமையைக் கொடுத்து அவன் மீட்ட கதையும் காவியத்தில் உண்டு. அந்த மானின் கண்கள் லைலாவின் கண்களை நினைவூட்டின என்பதுதான் காரணம்.

கூடாரக் காட்சியையும் பாலைக் காட்சியையும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு ஒரு கேள்வி தானாகவே எழும்: எது காடு, எது ஊர்? மனிதக் குடியிருப்பில் கல்லும் குரைப்பும். விலங்குகள் நடுவில் அமைதி. இரு காட்சிகளையும் இப்படி எதிரெதிராக வைத்ததில் ஓவியரின் தீர்ப்பு இருக்கிறது. தனிப் படமாகப் பார்த்தால் கிடைக்காத பொருள் வரிசையாகப் பார்க்கும்போது கிடைக்கிறது.

ஆட்டுத்தோல் போர்த்தியவன்

நிஜாமிக்குப் பின் இக்கதையைப் பலர் பாடினார்கள். டெல்லியில் அமீர் குஸ்ரௌ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாடினார். ஹெராத்தில் ஜாமி பதினைந்தாம் நூற்றாண்டில் பாடினார். பாக்தாதில் ஃபுசூலி பதினாறாம் நூற்றாண்டில் துருக்கிய மொழியில் பாடினார். ஜாமியின் காவியம் சூஃபி நெறியில் தோய்ந்தது. அங்கே காதலி வழியாக இறைவனை நோக்கிய பயணமாகக் காதல் மாறுகிறது.

ஷா தஹ்மாஸ்பின் மருமகனும் மஷ்ஹதின் ஆளுநருமான இப்ராகிம் மிர்ஸா, ஜாமியின் ஏழு காவியங்களையும் 1556 முதல் 1565 வரை 28 ஓவியங்களோடு எழுதுவித்தார். இந்த ஏடு இன்று வாஷிங்டனின் ஃபிரீயர் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதிலுள்ள ஒரு படத்தில் மஜ்னு ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, லைலாவின் மந்தையோடு மந்தையாகத் தவழ்ந்து, அவள் கூடாரத்துக்கு வருகிறான். மனிதனாக வந்தால் கல் விழும். ஆடாக வந்தால் விட்டுவிடுவார்கள். மீர் சையது அலி தன் கூடாரக் காட்சியில் நிரப்பிய உலகத்தை மஷ்ஹத் ஓவியர் இன்னும் நெருக்கமாக நிரப்புகிறார். மஜ்னு அந்த உலகத்தோடு போரிடாமல் அதற்குள் ஒரு பொருளாகக் கரைந்து தூரத்தைக் கடக்கப் பார்க்கிறான். தன்னை அழித்துக்கொண்டால்தான் அன்புக்குரியவரை அடையலாம் என்ற சூஃபிக் கருத்து இங்கே ஓர் ஆட்டுத்தோலாகக் கண்முன் நிற்கிறது.

இந்துஸ்தானத்துக்கு வந்த தூரிகை

இந்த மரபு இந்தியாவுக்கு வந்த வழி தெளிவாகத் தெரியும். ஆட்சியை இழந்து பாரசீகத்தில் தஞ்சம் புகுந்த முகலாய மன்னர் ஹுமாயூன் 1544இல் தஹ்மாஸ்பின் அரசவையில் இருந்தார். தஹ்மாஸ்புக்கு நாளடைவில் ஓவியத்தில் ஆர்வம் குன்றியபோது, ஹுமாயூனின் அழைப்பை ஏற்று மீர் சையது அலியும் அப்துஸ் ஸமதும் காபூலுக்கு வந்தார்கள், பிறகு டெல்லிக்கும். அக்பர் காலத்து முகலாய ஓவியக்கூடம் இவர்கள் கையில்தான் உருப்பெற்றது. கழுத்தில் சங்கிலியோடு மஜ்னுவை வரைந்த அதே கை இங்கே வந்து மாணவர்களைப் பழக்கியது. பிஹ்ஸாத் கால ஹெராத் ஏடும் முகலாய நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் பெரும்பாலான படங்கள் பிஹ்ஸாதுடையவை என்று ஜஹாங்கீர் தம் கைப்படக் குறித்துவைத்தார்.

அக்பர் 1595இல் நிஜாமியின் கம்ஸாவையும், அடுத்த சில ஆண்டுகளில் அமீர் குஸ்ரௌவின் கம்ஸாவையும் படங்களோடு எழுதுவித்தார். அதற்குள் அரசவையில் ஒரு மாற்றம் நடந்துவிட்டது. 1580இல் கோவாவிலிருந்து வந்த இயேசு சபைப் பாதிரிமார் ஐரோப்பிய அச்சுப்படங்களைக் கொண்டுவந்தார்கள். ஒளியும் நிழலும் கொண்டு உடலைத் திரட்டிக் காட்டும் முறையையும், தொலைவு செல்லச் செல்ல மங்கும் நிலக்காட்சியையும் முகலாய ஓவியர்கள் ஆவலோடு எடுத்துக்கொண்டார்கள்.

இதனால் லைலா–மஜ்னு படங்களில் தூரத்தின் இயல்பே மாறியது. அக்பர் அவையின் பெருங்கலைஞர் பசாவன் வரைந்து இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியத்தில், பாழ்நிலத்தில் மஜ்னு ஒரு மெலிந்த குதிரையோடு இருக்கிறான். ஊர் இல்லை, கூடாரம் இல்லை, கல்லெறியும் சிறுவர் இல்லை. லைலாவும் இல்லை. மனிதனுக்கும் விலா எலும்பு தெரிகிறது, குதிரைக்கும் தெரிகிறது. பசியால் வற்றிய ஓர் உடலை இவ்வளவு கருணையோடு பார்த்த ஓவியம் அக்காலத்தில் குறைவு. தப்ரீஸ் ஓவியர் மனிதரால் நிரப்பிய இடத்தைப் பசாவன் வெறுமையாக விட்டார். இருவரையும் பிரிப்பவர்கள் படத்திலிருந்து போய்விட்டார்கள். பிரிவு உடலுக்குள் புகுந்து எலும்பில் தங்கிவிட்டது.

சேர்த்துவைத்த படங்கள்

பதினேழாம் நூற்றாண்டிலிருந்து படங்கள் நூலை விட்டுத் தனித்தாள்களாகப் படத்தொகுப்புகளில் இடம்பெறத் தொடங்கின. காவியத்தின் வரி இல்லாமல் படம் மட்டும் நின்றது. அப்படித் தனியே நின்றபோது, விலங்குகள் நடுவில் இருக்கும் மஜ்னுவும் அவனைப் பார்க்க வரும் லைலாவும் ஓர் அடையாளச் சின்னமானார்கள். ஏற்கெனவே சஃபாவிய நெசவாளர்கள் இதே உருவங்களைப் பட்டுத்துணியில் கொண்டுவந்திருந்தார்கள். ஒட்டகத்தின் மேல் லைலா, விலங்குகளோடு மஜ்னு என அதே சந்திப்பு துணி முழுவதும் வரிசை வரிசையாகத் திரும்ப வரும். ஒவ்வொரு வரிசையிலும் அதே இடைவெளி. நெசவு எவ்வளவு நீண்டாலும் அது குறைவதில்லை.

பிற்காலத்து மலிவு அச்சுப்படங்களும் நாடக, திரைப்படச் சுவரொட்டிகளும் இதற்கு நேர்மாறான வழியில் போயின. 1950இல் டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்துத் தமிழிலேயே ‘லைலா மஜ்னு’ படம் வந்தது. இந்திய மொழிகள் பலவற்றிலும் இக்கதை திரும்பத் திரும்பப் படமாயிற்று. வெகுமக்கள் நினைவில் லைலாவும் மஜ்னுவும் இணைபிரியாத ஜோடி. காதலர் என்றாலே அவர்கள் பெயர். அந்த அன்பைக் குறைசொல்ல மாட்டேன். சேராதவர்களைச் சேர்த்துப் பார்க்கும் ஏக்கம் அது. ஆனால் இருவரையும் தோளோடு தோள் நிறுத்தியதும் கதையின் கேள்வி மறைந்துவிடுகிறது. அவர்களைப் பிரித்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. விதி என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். தப்ரீஸ் ஓவியர் விதியை வரையவில்லை, அண்டை வீட்டாரை வரைந்தார்.

பழைய கேள்வியை நம் காலத்தில் மீண்டும் தொட்டவர் ஆங்கில ஓவியர் ஹோவர்ட் ஹாட்ஜ்கின். இந்திய ஓவியங்களை வாழ்நாள் முழுதும் சேகரித்த அவர், நடன அமைப்பாளர் மார்க் மாரிஸ் 2016இல் அமைத்த ‘லைலா அண்ட் மஜ்னூன்’ நடனத்துக்குப் பின்திரை வரைந்தார். உசேயிர் ஹாஜிபேயோவ் இயற்றி 1908இல் பாக்கூவில் அரங்கேறிய இசைநாடகத்தை அடிப்படையாகக் கொண்ட நடனம் அது. ஹாட்ஜ்கினின் திரையில் உருவங்களே இல்லை. அகன்ற தூரிகை வீச்சுகள் மட்டுமே. அதன் முன்னே நான்கு ஜோடிகள் மாறி மாறி லைலாவாகவும் மஜ்னுவாகவும் ஆடினார்கள். காதலர்கள் இன்னார் என்று குறிப்பிட்ட இருவராக இருக்க வேண்டியதில்லை, எந்த ஊரிலும் எந்த இருவராகவும் இருக்கலாம் என்பதை அந்த அமைப்பு சொன்னது.

வரிசையாகப் பார்ப்பது

இந்த ஓவியங்களுக்கு நேர்ந்த பெரும் இழப்பு அவை வரிசை குலைந்ததுதான். அக்பரின் நிஜாமி ஏடு பிரிட்டிஷ் நூலகத்திலும் பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்திலும் பிரிந்து கிடக்கிறது. அவருடைய அமீர் குஸ்ரௌ ஏட்டின் பெரும்பகுதி வால்டர்ஸில் இருக்க, சில தாள்கள் மெட்ரோபாலிட்டனில் இருக்கின்றன. கட்டிலிருந்து பிரித்த தாளைச் சட்டமிட்டு மாட்டினால் அது ஓர் அழகான படம். அதற்கு முன்னும் பின்னும் என்ன வந்தது, பக்கத்து ஈரடி என்ன சொன்னது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. இழவு வீட்டில் அழும் லைலா அங்கே வெறும் விதவையாகத் தெரிவாள்.

வால்டர்ஸ் தன் ஏடுகளை முழுமையாக மின்வடிவில் எவரும் பார்க்கத் திறந்துவைத்திருக்கிறது. பக்கம் பக்கமாகப் புரட்ட இப்போது வழி இருக்கிறது. இந்த ஓவியங்களை அணுக விரும்பும் தமிழ் வாசகர் புகழ்பெற்ற தனிப் படங்களைத் தேடிப் போவதைவிட, ஒரே ஏட்டில் பள்ளியிலிருந்து கல்லறைவரை இக்கதையின் படங்களை வரிசையாகப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு படத்திலும் முதலில் காதலர் இருவரையும் கண்டுபிடியுங்கள். பிறகு அவர்களை விட்டுவிட்டு, நடுவில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பாருங்கள்: யார் வேடிக்கை பார்க்கிறார், யார் தன் வேலையைச் செய்கிறார், யார் கையில் கல் இருக்கிறது. இந்தத் துயரக் கதையின் காரணத்தை ஓவியர்கள் அங்கேதான் எழுதிவைத்திருக்கிறார்கள். காதலுக்காக இரங்குவது எளிது. அந்தக் கூட்டத்தில் நமக்கும் ஓர் இடம் உண்டு என்று ஒப்புக்கொள்வது கடினம். அதை ஒப்புக்கொள்ளச் செய்யும் வலிமை இந்தப் படங்களுக்கு இன்னும் இருக்கிறது.